மேற்கே பார்த்த டிஷ்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் சங்கத்தில் கேட்டார்கள். நான் ஆறாவது வரைதான் படித்தேன். டிஷ் மாட்டுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அதைக் கம்பெனியே மூன்று நாளில் உங்களுக்குச் சொல்லித் தந்துவிடும். மீட்டர் இருக்கிறது. போனில் ஆப் இருக்கிறது. நான் மாட்டிய டிஷ்களைப் பற்றிச் சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. கழற்றிய ஒரு டிஷ்ஷைப் பற்றிச் சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த வீட்டுக்குப் போனாலும் ஏணியை எடுக்கும் முன் ஒரு கேள்வி கேட்பேன். இந்த வீட்டில் டிவி யாருக்கு ஓடுகிறது? சிலர் சிரிப்பார்கள். சிலர் சமையலறைப் பக்கம் கை காட்டுவார்கள். ஒரு வீட்டில் நாய்க்கு என்றார்கள். அதையும் கேட்டுக்கொண்டேன். அந்தப் பழக்கம் எனக்கு ஒரு தப்பிலிருந்து வந்தது.

அதற்கு முன் இந்த ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரிகளின் காற்று எதையும் விட்டுவைக்காது. கேபிள் முனையில் திருகுகிற கனெக்டர் ஒரே வருடத்தில் பச்சை பூத்துவிடும். அப்புறம் படம் நிற்கும், வரும், நிற்கும். வீட்டுக்காரர் கஸ்டமர் கேருக்குப் போன் போடுவார். எங்கோ ஒரு ஊரில் ஏசி ரூமில் இருப்பவர்களுக்கு நம் காற்று தெரியாது. பாக்ஸ் பழசாகிவிட்டது, அப்கிரேட் பண்ணுங்கள் என்பார்கள். கனெக்டரை மாற்றினால் போதும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே பாக்ஸை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். மாதம் இத்தனை பாக்ஸ் என்று கம்பெனி எண்ணிக்கை கேட்கும். போனில் சொன்னதை நாம் ஏன் மறுக்க வேண்டும் என்று ஒரு சோம்பல். அந்தச் சோம்பல்தான் என்னை இதில் கொண்டுபோய் விட்டது.

ஹெச்டி பாக்ஸ் புதிதாக வந்த சமயம். ஆம்பூரில் ஒரு பாய் வீடு. அவர் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். வீட்டில் அவர் மனைவியும், படுக்கையில் கிடந்த தாயாரும் இருந்தார்கள். மாமியாரை அந்தப் பெண் அம்மிஜான் என்று கூப்பிடும்.

கிளம்பும் முன் பாய் கஸ்டமர் கேரிடம் பேசியிருக்கிறார். நாற்பது நாள் ஊரில் இருக்க மாட்டேன், டிவி அடிக்கடி நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறார். ஹெச்டிக்கு மாறுங்கள் சார் என்றார்களாம். அவர் விவரமானவர். மக்காவிலிருந்து நேரடியாக வருகிற சேனல் இதில் வருமா என்று கேட்டார். வரும் சார். அப்படியென்றால் மாடியில் இருக்கும் பெரிய டிஷ்? அது தேவையே இல்லை சார், எல்லாம் ஒரே பாக்ஸில் வந்துவிடும், டெக்னீஷியனே கழற்றிவிடுவார். அவர் நம்பி விமானம் ஏறிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. என் போனுக்கு வந்த மெசேஜில் இரண்டே வரி. புது பாக்ஸ் மாட்டவும். பழைய சாமான்களை அகற்றவும்.

மாடிக்குப் போனேன். இரண்டு டிஷ். நம் கம்பெனியுடையது சின்னது, தெற்கே பார்த்து நிமிர்ந்திருந்தது. இன்னொன்று ஆறடி. துருப்பிடித்தது. மேற்கே பார்த்துக் குனிந்திருந்தது. நம் தொழிலில் எந்த டிஷ்ஷும் மேற்கே பார்க்காது. அது எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு பாக்கி. கேட்கவில்லை.

ஸ்பேனரை வைத்த சத்தம் கேட்டதும் கீழேயிருந்து ஒரு கிழக்குரல் வந்தது.

"யாரது மாடியில? மேற்கு மூலையில இன்னா பண்றே?"

"டிஷ் கம்பெனிங்க. பழசைக் கழட்டறேன்."

"அதைத் தொடாதே பேட்டா. அதுதான் எனக்கு ஓடுது."

"கம்பெனியில சொல்லிட்டாங்கம்மா. எல்லாம் புது பாக்ஸ்லயே வந்துடும்."

படுத்த இடத்திலிருந்து மேற்கு மூலை என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது? அதையும் நான் யோசிக்கவில்லை. போல்ட் இறுகியிருந்தது. ரம்பத்தால் குழாயையே அறுத்தேன். தரையிலிருந்து ஒரு முழம்தான் மிச்சம். டிஷ்ஷை வண்டியில் கட்டிக் காயலான் கடையில் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அங்கிருந்து கிளம்பும் முன்பே, புது பாக்ஸில் மக்கா சேனல் வரவில்லையே என்று அந்தப் பெண் கேட்டது. கஸ்டமர் கேரைக் கேட்டேன். இருபத்து நாலு மணி நேரத்தில் வந்துவிடும் என்றார்கள். அதையே அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்.

நாலாம் நாள் மத்தியானம் அதே வீட்டிலிருந்து கம்ப்ளைன்ட் என்று மெசேஜ் வந்தது. போனேன். அந்தப் பெண் கதவிலேயே பிடித்துக்கொண்டது.

"அண்ணா, தினமும் இருவத்தி நாலு மணி நேரம், இருவத்தி நாலு மணி நேரம்ன்றாங்க. அது எந்த ஊரு இருவத்தி நாலு?"

"இன்னா சொன்னாங்கம்மா?"

"மொதல்ல பாக்ஸை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன். அப்புறம் கூப்பிட்டா, பதிவு பண்ண நம்பர்லேந்துதான் பேசணுமாம். அந்த நம்பர் அவருது. அவர் போனு அவரோட மக்காவுல கீது. அதுக்கு ஏதோ கோட் நம்பர் அனுப்பிக்கிறாங்களாம், அதைச் சொன்னாத்தான் பேசுவாங்களாம். அவரு அங்க காபாவைத் தவாஃப் சுத்துவாரா, இவங்க கோட் நம்பர் பாப்பாரா?"

"அப்புறம்?"

"நேத்து ஒரு புள்ளை நல்லா பேசுச்சு. பக்தி பேக் போட்டுட்டேன் மேடம், இப்போ பாருங்கன்னுச்சு. நீங்களே வந்து பாருங்க."

உள்ளே போனேன். கட்டிலில் அம்மிஜான் டிவி பக்கமே முகத்தை வைத்துப் படுத்திருந்தார். டிவியில் ஏதோ ஒரு கோயிலில் பாலபிஷேகம் நடந்துகொண்டிருந்தது.

"யாரு?" என்றார். மாட்ட வந்த அன்றைக்கும் நான் எதிரில் நிற்கும்போதே இரண்டு முறை யாரு என்று கேட்டார். வயதாகிவிட்டது, மறதி என்று நினைத்தேன்.

"டிஷ் கம்பெனிம்மா."

"வா பேட்டா. இதுல மணி அடிச்சிக்கினே கீதே, இன்னா அது?"

"ஏதோ கோயில், அம்மிஜான்" என்றது மருமகள். "நிறுத்திடட்டா?"

"ஓடட்டும். யாரோ சாமி கும்பிடறாங்க, அதை ஏன் நிறுத்தறே? நம்மது எப்போ வரும்னு கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அந்தப் பெண் சொன்னதில் அது போய்விட்டது.

"நாளைக்கு அரஃபா நாள் அண்ணா. ஹஜ்ஜுக்குப் போன அத்தனை பேரும் ஒரே மைதானத்துல கூடுவாங்க. அதான் ஹஜ்ஜே. நாளைக்கு ஒரு நாள்தான். அவர் போனதுலேந்து இவங்க அதுக்குத்தான் உசிரைப் புடிச்சிக்கினு கீறாங்க. எங்கிட்ட கீறது பட்டன் போனு. அக்கம்பக்கத்துலயும் இந்தச் சேனல் இல்ல."

அப்போது என்னுடையதும் பட்டன் போன்தான். அதிலிருந்தே கஸ்டமர் கேரைக் கூப்பிட்டேன். ஒரு பெண் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், அந்த பாக்ஸ்ல ஆன்மிக சேனல்கள் ஆக்டிவ்னு காட்டுது."

"அதுல மக்கா சேனல் இருக்கா பாருங்கம்மா."

"ஆன்மிகம்னு போட்டிருக்கு சார்."

"அது தெரியுது. மக்கா இருக்கா?"

"சார், இதுக்கு மேல ஒரு மாடல் இருக்கு. அதுக்கு அப்கிரேட் பண்ணிப் பாக்கலாமே?"

அப்போது புரிந்தது. பாயிடமும் இப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எதிரில் திரையில் ஆன்மிகம் என்று இருந்தது, படித்தார்கள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் மாடியைப் பார்த்ததில்லை. நான் பார்த்தவன்.

அடுத்து என் சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"இன்னும் அந்த வீட்லயா கீறே? இருவத்தி நாலு மணி நேரத்துல வரும்னு சொல்லிட்டு கம்ப்ளைன்ட்டை க்ளோஸ் பண்ணு. நாளான்னைக்குப் பாத்துக்கலாம்."

நாளன்றைக்கு எல்லாம் முடிந்திருக்கும்.

நடையில் நின்றேன். இருபத்து நாலு மணி நேரம் என்று சொல்லிவிட்டுப் போனால் யாரும் என்னைக் கேட்க மாட்டார்கள். கம்பெனி சொன்னதை நான் சொன்னேன், அவ்வளவுதான். வராது என்று சொன்னால், ஏன் வராது என்று கேட்பார்கள். அதற்குப் பதில் நான்தான். உங்களுக்கும் இந்த இடம் வரும். நடையில் நிற்கும் அந்த ஒரு நிமிஷம்தான் நம் தொழிலில் கஷ்டமான வேலை. ஏணியில் ஏறுவதெல்லாம் அதற்குப் பிறகு.

உள்ளே போய்க் கட்டில் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, அது வராது."

"நாளைக்கா?"

"நாளைக்கும் வராது, எப்பவும் வராது. இந்த பாக்ஸ்ல அந்தச் சேனலே இல்ல. மேற்கு மூலையில இருந்த டிஷ்லதான் வந்துட்டு இருந்தது. அதை நான் அறுத்துட்டேன்."

மருமகள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டது. அம்மிஜான் டிவி பக்கமிருந்து முகத்தைத் திருப்பினார்.

"நான்தான் சொன்னேனே பேட்டா."

"சொன்னீங்கம்மா."

"கேக்கலியே."

"கேக்கல."

"திரும்ப வைக்க முடியுமா?"

"தெரியாதும்மா. பாக்கறேன்."

"போ, பாரு. இந்த நாலு நாள்ல தெரியாதுன்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான்."

காயலான் கடைக்கு ஓடினேன். டிஷ்ஷைச் சுத்தியால் அடித்து மடித்து மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். அவ்வளவு பெரிய டிஷ் இந்த ஊரில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. கேபிள் டிவி ஓனர் வீட்டு மாடி.

அவரிடம் நான் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். தொழில் அவர் கொடுத்தது. டிஷ் கம்பெனி வந்ததும் சொல்லாமல் விட்டுவிட்டு வந்தேன். அவர் கேபிள் இழுத்த அதே தெருக்களில் டிஷ் மாட்டினேன். ஐந்து வருஷமாகப் பேச்சில்லை.

ஆபீஸ் வாசலில் நின்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு, சாட்டிலைட் சாரா? வாங்க சார், உக்காருங்க சார். பேன் போடவா சார்?"

"ஓனரே, ஒரு ஆறடி டிஷ் வேணும்."

"எங்கிட்டயா? உங்க கம்பெனிக்குப் போன் போடு. பாட்டு போடுவாங்க. ஒண்ணை அமுத்து, ரெண்டை அமுத்துன்னுவாங்க. அமுத்திக்கினே இரு."

நான் நின்றுகொண்டே இருந்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"எந்த வீடு?"

சொன்னேன். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"அதை வச்சவன் நான்டா. நீ போனப்புறம். ரெண்டு நாள் புடிச்சுது. ஒரு பக்கம் தண்ணி டேங்கு, ஒரு பக்கம் டேனரி சிம்னி. நடுவுல கொஞ்சூண்டு வழி. அதுல வச்சேன். அதையா அறுத்தே?"

"ஆமாம்."

"குழாயோடவா?"

"குழாயோட."

"ஆறாவதோட நின்னாலும் உனக்கு அறிவு கீதுன்னு ஊரெல்லாம் சொல்லினு இருந்தேன்டா. மானத்தை வாங்கிட்டியே." எழுந்து சட்டையை மாட்டினார். "இன்னைக்கு மாடி டிஷ்ஷைக் கழட்டி வைக்கிறேன், காலையில லோடு ஆட்டோ எடுத்துக்கினு வா. நானும் வர்றேன். உன்னைத் தனியா விட்டா இதையும் தெற்கால பாத்து வச்சிட்டுப் போவே."

மறுநாள் என் வேலைச் சீட்டில் ஆறு வீடு இருந்தது. ஒன்றுக்கும் போகவில்லை.

டிஷ்ஷை மாடி ஏற்றவே பத்து மணி ஆயிற்று. அந்த டிஷ்ஷின் சின்ன பாக்ஸை மருமகள் தூக்கிப் போடாமல் அலமாரியில் வைத்திருந்தது, அது ஒரு நல்லது. கெட்டது, நான் அறுத்த குழாய். இடுப்பு உயரத்துக்கு நிற்க வேண்டிய டிஷ்ஷுக்கு ஒரு முழக் குழாய் எந்த மூலைக்கு? வெல்டிங்காரர் சாயந்திரம்தான் வருவேன் என்றார். அரஃபா மைதானத்துப் பிரசங்கம் நம் நேரத்துக்கு மூன்று மணி வாக்கில் தொடங்கும். செங்கல்லை அடுக்கி, மணல் மூட்டை போட்டு, அதன்மேல் டிஷ்ஷை ஏற்றிக் கயிற்றால் கட்டினோம். ஆடியது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, டேங்குக்கும் சிம்னிக்கும் நடுவே அந்த வழியைத் தேடினோம்.

மருமகள் பாதிப் படிக்கட்டில் நின்றது. கீழே டிவி, மேலே நாங்கள், நடுவில் அதன் குரல்.

"வந்துச்சா?"

"இல்லண்ணா."

"இப்போ?"

"நீலமாவே கீது."

பன்னிரண்டாயிற்று. ஒன்றாயிற்று. தளத்தில் கால் வைக்க முடியவில்லை. ஓனருக்கு அறுபது வயதுக்கு மேல். உட்காருங்கள் என்றேன். "நீ உன் பக்கத்தைப் புடி" என்றார். இரண்டரை தாண்டியது.

திடீரென்று கீழே ஏதோ கரகரத்தது.

"அண்ணா, சத்தம் வருது! படம் வரல, கட்டம் கட்டமா உடைஞ்சி நிக்குது. சத்தம் மட்டும் விட்டு விட்டு வருது!"

"இரும்மா, படத்தைக் கொண்டு வர்றேன்" என்று டிஷ்ஷை நகர்த்தினேன். சத்தமும் போயிற்று.

கீழே கட்டிலிலிருந்து ஒரு கத்தல். படுத்திருக்கும் உடம்பில் அவ்வளவு குரல் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

"அசைக்காதே! எங்க இருந்துச்சோ அங்கயே கொண்டு வா! எனக்கு இன்னாத்துக்குடா படம்? கண்ணு போயி நாலு வருஷம் ஆவுது!"

என் கை நின்றது. ஓனர் டிஷ்ஷுக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்தார்.

"உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"அந்த ரூமுக்குள்ள போனியா இல்லியா நீ?"

போயிருந்தேன். இரண்டு முறை. கண் தெரியாத ஒருவருக்குப் படம் தெளிவாகத் தெரியும் பாக்ஸை மாட்டிவிட்டு வந்திருந்தேன். பாய் கேட்டது சேனல். கம்பெனி கொடுத்தது தெளிவு. கட்டிலில் இருந்தவருக்கு வேண்டியது சத்தம். மேற்கு மூலையில் ஸ்பேனர் பட்ட சத்தத்தைக் கீழேயிருந்து கண்டுபிடித்த காது அது.

"அம்மா, நீங்களே சொல்லுங்க" என்று கத்தினேன். "எந்தப் பக்கம்?"

அதற்குப் பிறகு மீட்டரை நான் பார்க்கவில்லை. அம்மிஜான் சொல்லச் சொல்ல நகர்த்தினோம்.

"இல்ல... இல்ல... வருது... போய்ட்ச்சு, திரும்பு. மெதுவா. இன்னும் ஒரு முடி. உடையுது... இன்னும்... ஹாங்! நில்லு. அங்கயே நில்லு பேட்டா."

நின்றோம். கயிறு அந்த இடத்தில் நிற்கவில்லை. கையை எடுத்தால் டிஷ் சரிந்தது. எனவே கையை எடுக்கவில்லை. மாடிவரை கேட்டது அந்தச் சத்தம். லட்சம் பேர் சேர்ந்து லப்பைக், இதோ வந்துவிட்டேன் இறைவா, என்கிறார்கள். மழை வருவதற்கு முன் தூரத்தில் கேட்குமே, அந்த மாதிரி. அதன் நடுவே கீழேயிருந்து ஒரு கிழக்குரலும் அதையே சொன்னது. நிறுத்திவிட்டு மருமகளிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது. "இதுல என் புள்ளையும் சொல்றான்."

என் சட்டைப் பையில் போன் அடித்தது. விட்டு விட்டு அடித்துக்கொண்டே இருந்தது. ஓனர் ஒரு கையால் டிஷ்ஷைப் பிடித்தபடி எட்டி, மறு கையால் அதை எடுத்துக் காதில் வைத்தார்.

"ஹலோ... அவர் கையில வேலை கீதும்மா, எங்கிட்ட சொல்லு... ம்... ம்..." போனை விரலால் பொத்தினார். "உங்க கஸ்டமர் கேருடா. நேத்து நீ பேசினியாமே. அவங்க குடுத்த ஆலோசனை எப்படி இருந்துச்சுன்னு கேக்கறாங்க. ஒண்ணுலேந்து அஞ்சுக்குள்ள மார்க் போடணுமாம். எவ்வளவு போட?"

நான் பதில் சொல்வதற்குள் மருமகள் படிக்கட்டில் நாலு படி ஏறி வந்தது. கண்ணெல்லாம் ஈரம்.

"அண்ணா, மாடியில யாரும் பேசக் கூடாதாம். அம்மிஜான் சொல்றாங்க. சரியாக் கேக்கலியாம்."

ஓனர் போனை அணைத்துத் தன் பையிலேயே போட்டுக்கொண்டார். பிரசங்கம் முடியும்வரை இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.